இரண்டு வரி எழுதி அனுப்பிவிடாதீர்கள்: ரொறன்ரோ தமிழ் முதலாளிமாருக்கு ஒரு திறந்த மடல்

ரொறன்ரோ பெரும்பாகத்தில் உணவகம், டேக்அவுட், பேக்கரி, கேட்டரிங், மளிகைக் கடை நடத்தும் தமிழ் முதலாளிமாருக்கும், வர்த்தக சங்கங்களின் நிர்வாகிகளுக்கும்,

"இவர் எங்கள் கடையில் வேலை செய்தார். நேர்மையானவர், கடும் உழைப்பாளி. எதிர்காலம் சிறக்க வாழ்த்துகிறோம்." வேலை அனுபவக் கடிதம் அவ்வளவுதான். கீழே ஒரு கையெழுத்து. எந்தத் திகதியிலிருந்து எந்தத் திகதி வரை, என்ன வேலை, கிழமைக்கு எத்தனை மணித்தியாலம், சம்பளம் எவ்வளவு என்று ஒன்றுமே இல்லை. ஒரு சமையல்காரர் வருடக்கணக்காக நின்று வேலை செய்த கடையிலிருந்து வாங்கி வந்த கடிதம் இது.

இதை வைத்துத்தான் அவர் நிரந்தர வதிவிடத்துக்கு (பிஆர்) விண்ணப்பித்தார். விண்ணப்பம் முழுமையில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். கட்டிய காசு திரும்பி வந்தது, விண்ணப்பிக்கச் சொல்லிக் கிடைத்த அழைப்பு போனது போனதுதான். முதலாளியிடம் மறுபடி போய், சரியாக ஒரு கடிதம் எழுதித் தாருங்கள் என்று கேட்டிருக்கிறார். "விட்டிட்டுப் போனவனுக்கு நான் ஏன் எழுதிக் குடுக்க வேணும்?" என்பதுதான் பதில்.

அந்த முதலாளி யார், கடை எந்தத் தெருவில் என்று நான் இங்கே எழுதப் போவதில்லை. ஒருவரோடு முடிகிற விஷயமாக இருந்தால் நேரே போய்க் கதைத்திருப்பேன். இதே பதிலை வெவ்வேறு குசினிகளிலிருந்து வந்த வெவ்வேறு ஆட்களிடம் கேட்டுவிட்டேன். அதனால்தான் எல்லோருக்குமாக எழுதுகிறேன்.

நானும் முதலாளிதான். ஸ்காபரோவில் ஒரு சின்ன டேக்அவுட் நடத்துகிறேன். அதற்கு முன் மற்றவர்களின் கடைகளில் கொத்து அடித்தேன், ரோல்ஸ் சுருட்டினேன், கலியாணங்களுக்கு ட்ரே கட்டினேன். ஒரே ஒரு கடையின் பெயர் மட்டும் அச்சடித்த வேர்க் பெர்மிட்டில் (வேலை அனுமதியில்) இருந்தவன். வாடகை, கோழி விலை, லைட் பில் எல்லாம் ஏறுகிற கஷ்டம் எனக்கும் தெரியும். ஆகவே, "தொழில் நடத்திப் பார்த்தால்தான் தெரியும்" என்று என்னிடம் சொல்ல வேண்டாம்.

இந்தக் கடிதத்தின் பெறுமதி உங்களில் சிலருக்கு உண்மையிலேயே தெரியாமல் இருக்கலாம். எங்களில் பெரும்பாலானோர் இந்த நாட்டுக்கு வந்த வழி வேறு. 83க்குப் பிறகு அகதியாக வந்தோம், இல்லையென்றால் அண்ணனோ கணவனோ ஸ்பொன்சர் செய்து வந்தோம். 1986இல் நியூஃபவுண்ட்லாந்துக் கடலில் உயிர்காப்புப் படகுகளில் மிதந்த 155 பேரை மீனவர்கள் கரைசேர்த்தபோது, யாழ்ப்பாணத்தில் என்ன வேலை பார்த்தாய், முதலாளியின் கடிதம் எங்கே என்று அவர்களிடம் யாரும் கேட்கவில்லை. வந்த பிறகு வெள்ளைக்காரர்களின் ரெஸ்ரோரன்ற்களில் கோப்பை கழுவி, பிறகு லைன் குக் ஆகி, பிறகு சொந்தக் கடை போட்ட கதை உங்களில் பலருடையது. அந்தக் காலத்தில் உங்கள் பிஆர் உங்கள் முதலாளியின் பேனாவில் தொங்கிக்கொண்டிருக்கவில்லை. இன்று உங்கள் குசினியில் நிற்கிற பெடியனுக்கும் பிள்ளைக்கும் அது அப்படித்தான் தொங்குகிறது.

எப்படி என்று சொல்கிறேன். எக்ஸ்பிரஸ் என்ட்ரி என்பது மத்திய அரசு புள்ளி போட்டு ஆட்களைப் பிஆருக்கு அழைக்கிற முறை. அதில் கனடிய அனுபவப் பிரிவில் போகிற ஒருவர், கடைசி மூன்று வருடத்துக்குள் ஒரு வருட வேலையைக் காட்ட வேண்டும். ஒரு வருடம் என்றால் 1,560 மணித்தியாலம், அதாவது கிழமைக்கு 30. அதற்கு மேல் செய்தது கணக்கில் சேராது. கிழமைக்கு 60 மணித்தியாலம் அடுப்படியில் நின்றவருக்கு ஆறு மாதத்தில் அனுபவம் முடிந்துவிடாது. அவருக்கும் ஒரு முழு வருடம்தான். முழுநேர மாணவராக இருந்தபோது செய்த வேலை எடுபடாது. சுயதொழில் எடுபடாது. அனுமதியில்லாமல் செய்த வேலை அறவே எடுபடாது. வேலை வாய்ப்புக் கடிதத்தை வைத்து ஒன்ராறியோ மாகாணம் ஊடாகப் போகிறவருக்கு இன்னும் இறுக்கம். வெளிநாட்டுத் தொழிலாளர் பிரிவில் 2025இல் கேட்டது, கடைசி ஐந்து வருடத்துக்குள் அதே தொழிலில் இரண்டு வருட அனுபவம். அதே தொழில் என்றால் அதே தொழில்தான். சமையல்காரராக வேலை தருகிறோம் என்று ஒரு கடை சொன்னால், அந்த இரண்டு வருடமும் சமையல்காரராகவே நின்றதற்கு ஆதாரம் வேண்டியிருந்தது.

அந்த ஆதாரம் எங்கிருந்து வரும்? உங்களிடமிருந்துதான். கடையின் லெட்டர்ஹெட்டில், கடை முகவரி, தொலைபேசி, மின்னஞ்சலோடு, கையொப்பமிடுபவரின் பெயரும் பதவியும் போட்டு, வேலை செய்தவரின் பெயர், பதவி, செய்த கடமைகள், தொடங்கிய திகதி, முடிந்த திகதி, கிழமைக்கு எத்தனை மணித்தியாலம், வருடச் சம்பளம், வேறு சலுகைகள் இருந்தால் அவை என்று எல்லாவற்றையும் எழுத வேண்டும். இதை நான் சொல்லவில்லை. குடிவரவுத் திணைக்களம் வெளிப்படையாகச் சொல்லி வைத்திருக்கிற பட்டியல் இது. ஒரு பக்கத்தில் அடங்கும். எனக்கு ஒரு கடிதம் எழுத ஒரு தேநீர் குடிக்கிற நேரம்கூட ஆவதில்லை.

எக்ஸ்பிரஸ் என்ட்ரியில் அழைப்பு வந்தால் 60 நாளுக்குள் எல்லாப் பேப்பரும் போய்ச் சேர வேண்டும். "அடுத்த கிழமை வா", "அக்கவுண்டன்ற் ஊரில இல்லை", "தீபாவளி முடியட்டும்" என்று நீங்கள் சொல்கிற ஒவ்வொரு தவணையும் அந்த 60 நாளுக்குள்ளிருந்துதான் போகிறது. கடிதம் கிடைக்காதவர் ஏன் கிடைக்கவில்லை என்று விளக்கம் எழுதி, சம்பளச் சீட்டு, ரி4 (வருடச் சம்பளத்தைக் காட்டும் வரிச் சீட்டு), வங்கிக் கணக்கு எல்லாம் வைத்து அனுப்பலாம். ஆனால் அதை ஏற்பதும் விடுவதும் அதிகாரியின் கையில். உங்கள் கோபத்துக்காக ஒரு மனிதன் அந்தச் சூதாட்டத்தை ஆட வேண்டுமா?

இனி கைக்காசுக் கதைக்கு வருகிறேன். கடிதம் தர மறுப்பதற்குச் சொல்லப்படுகிற காரணங்கள் பல. உண்மையான காரணம் பெரும்பாலும் இதுதான்.

படிப்பு முடித்து மூன்று வருட வேர்க் பெர்மிட்டில் இருக்கிற ஒரு பிள்ளையை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த பெர்மிட் வாழ்க்கையில் ஒருமுறைதான் கிடைக்கும். கடையில் கிழமைக்கு 50 மணித்தியாலம் நிற்கிறாள். பேரோலில் (சம்பளப் பதிவில்) போவது 20. மிச்சம் என்வலப்பில். சட்டப்படி 44 மணித்தியாலத்துக்கு மேல் ஒன்றரை மடங்கு சம்பளம் என்ற பேச்சே இல்லை. அதை விடுங்கள், அனுபவக் கணக்கைப் பாருங்கள். 1,560 மணித்தியாலத்தை 20 20ஆகச் சேர்க்க 78 கிழமை வேண்டும். ஒரு வருடத்தில் முடிய வேண்டியது ஒன்றரை வருடம். மாகாணம் 2025இல் கேட்ட இரண்டு வருடத்தை இப்படிச் சேர்க்க மூன்று வருடம். அதற்குள் பெர்மிட் முடிந்துவிடும். அவள் நின்ற 50 மணித்தியாலத்தில் 30 மணித்தியாலம் இந்த நாட்டில் நடக்கவே இல்லை என்றாகிறது. ரி4இல் இல்லை, வரிக் கணக்கில் இல்லை, ஆகவே அனுபவத்திலும் இல்லை. என்வலப்பில் கொடுத்த காசோடு அவளுடைய நாட்களையும் நீங்கள் வாங்கிவிட்டீர்கள்.

பிறகு அவள் கடிதம் கேட்கும்போது முதலாளிக்குக் கை நடுங்குகிறது. 50 என்று எழுதினால் பேரோலோடு முட்டும், வரிக்காரன் வருவான். 20 என்று எழுதினால் அவள் சண்டைக்கு வருவாள். ஆகவே ஒன்றும் எழுதாமல் "நேர்மையானவர், வாழ்த்துகிறோம்" என்று முடிக்கிறார். அந்த இரண்டு வரிக் கடிதம் சோம்பேறித்தனத்தால் வருவது என்று முன்பு நினைத்திருந்தேன். கணக்கைப் பார்த்தால் அதில் நல்ல யோசனை இருக்கிறது.

சில பெடியன்களே கைக்காசு கேட்பார்கள், அதுவும் உண்மை. ஊருக்கு அனுப்ப வேணும், கடன் கட்ட வேணும், வரி வெட்டாமல் தாங்கோ என்பார்கள். கேட்கிறவனுக்கு 23 வயது. இந்த நாட்டின் சட்டம் தெரிந்து, அக்கவுண்டன்றும் லோயரும் வைத்து 20 வருடமாகக் கடை நடத்துகிறவர் நீங்கள். இல்லை என்று சொல்ல வேண்டியவர் யார்?

அடுத்தது பதவி. கனடா தொழில்களை 0 முதல் 5 வரை படிநிலையாகப் பிரித்து வைத்திருக்கிறது. சமையல்காரர் 3ஆம் படி. குசினி உதவியாளர் 5ஆம் படி. கனடிய அனுபவப் பிரிவில் 3 வரைதான் எடுபடும். ஒரு மனிதனின் எதிர்காலம் இந்த இரண்டு படிக்கும் நடுவில் கிடக்கிறது. கடைகளில் நடப்பது என்ன? எடுக்கும்போது ஹெல்பர் என்று எடுப்பது, சம்பளம் ஹெல்பர் சம்பளம், வேலை முழுச் சமையல். காலையில் இடியப்பம், சம்பல், சொதி. மத்தியானத்துக்கு நாலு கறி. பின்னேரம் கொத்து. சனி ஞாயிறில் பூப்புனித நீராட்டு விழாவுக்கு 300 பேருக்குப் பிரியாணி. எத்தனை கிலோ அரிசி, எத்தனை கிலோ ஆட்டிறைச்சி என்று கணக்குப் போடுவதும் அவர்தான், ஹோல்சேல்காரனுக்குப் போன் எடுப்பதும் அவர்தான், புதிதாக வந்த பெடியனுக்குப் பற்றிஸ் மடிக்கப் பழக்குவதும் அவர்தான். டைன்சேஃப் (நகரத்தின் உணவுச் சுகாதாரப் பரிசோதனை) ஆள் வந்தால் ஃபிரிட்ஜ் வெப்பநிலைக் குறிப்பை எடுத்துக் காட்டுவதும் அவரே. கண்ணாடியில் ஒட்டியிருக்கிற பச்சை அட்டை அவருடைய உழைப்பு. கடிதத்தில் மட்டும் ஹெல்பர்.

அதிகாரி பதவியின் பெயரை மட்டும் பார்ப்பதில்லை, கடமைகளைப் பார்க்கிறார். மேலே சொன்னவற்றில் பெரும்பாலானவை சமையல்காரரின் கடமைகளாக அரசாங்கத்தின் தொழிற்பட்டியலிலேயே இருக்கின்றன: முழு உணவு சமைப்பது, உதவியாளர்களை மேற்பார்வை செய்வது, சாமான் இருப்பைக் கவனிப்பது, அளவும் செலவும் கணிப்பது, ஆட்களைப் பழக்குவது. ஆகவே உங்கள் கடையில் நடந்ததை நடந்தபடி எழுதினால் போதும். அந்தப் பட்டியலைச் சொல்லுக்குச் சொல் பார்த்து எழுதிக் கொடுக்கவும் வேண்டாம். அப்படிப்பட்ட கடிதத்தை யாரும் நம்பமாட்டார்கள், நம்பவும் கூடாது. மட்டன் ரோல்ஸ் என்றே எழுதுங்கள். நான் அப்படித்தான் எழுதுகிறேன்.

இதன் மறுபக்கத்தையும் சொல்லாமல் விட முடியாது. குசினிக்குள் காலே வைக்காதவருக்கு இரண்டு வருடம் சமைத்தார் என்று கடிதம் விற்கிறவர்களும் இருக்கிறார்கள். எல்எம்ஐஏ, அதாவது வெளிநாட்டவரை வேலைக்கு எடுக்க முதலாளி வாங்குகிற அரசாங்க அனுமதி எடுத்து, அதை ஆயிரக்கணக்கான டொலருக்கு விற்ற கதைகள் யாருக்கும் புதிதல்ல. அந்த அனுமதிக்கு அரசாங்கம் முதலாளியிடம் வாங்குவது ஒரு வேலைக்கு 1,000 டொலர். அதையும் தொழிலாளியிடம் அறவிடக் கூடாது என்பது சட்டம். இந்த விற்பனை கனடா முழுக்கப் பெருகியதால்தான், வேலை வாய்ப்புக்கு எக்ஸ்பிரஸ் என்ட்ரியில் இருந்த 50 புள்ளியையும், உயர் முகாமையாளருக்கு இருந்த 200 புள்ளியையும் 2025 மார்ச் 25 முதல் எடுத்துவிட்டார்கள். விற்றவர்கள் காசோடு போய்விட்டார்கள். நேர்மையாக வேலை செய்து, நேர்மையான வேலை வாய்ப்பு வைத்திருந்தவர்களின் 50 புள்ளி ஒரே நாளில் போனது. பொய்க் கடிதம் பிடிபட்டால் விண்ணப்பித்தவருக்கு ஐந்து வருடத் தடை. எழுதிக் கொடுத்தவருக்கு 100,000 டொலர் வரை தண்டமும் ஐந்து வருடம் வரை சிறையும் சட்டத்தில் உண்டு. பொய்க் கடிதத்தை விற்கிறவரும் உண்மைக் கடிதத்தைத் தர மறுக்கிறவரும் ஒன்றுதான் என்று நான் சொல்லவில்லை. ஆனால் இரண்டு பேருடைய வேலையாலும் அடிபடுவது அதே பெடியன்தான்.

காலமும் மோசம். 2025இல் 500,000 பேருக்குப் பிஆர் கொடுப்பதாகச் சொல்லியிருந்த அரசாங்கம் அதை 395,000 ஆக இறக்கியது. ஒன்ராறியோ மாகாணம் தெரிவு செய்யக்கூடிய எண்ணிக்கை 2024இல் 21,500 ஆக இருந்து 2025இல் 10,750 ஆகப் பாதியாகியது. அதே வருடம் பெப்ரவரியில் எக்ஸ்பிரஸ் என்ட்ரியின் கைத்தொழில் பிரிவில் சமையல்காரர்களையும் சேர்த்தபோது, குசினிகளில் எவ்வளவு சந்தோஷம் என்று நான் கண்ணால் பார்த்தேன். சந்தோஷப்பட்டவர்களில் எத்தனை பேர் கையில் ஒழுங்கான கடிதம் இருந்தது என்பது வேறு கதை.

உங்களில் சிலர் சொல்லும் நியாயங்களையும் கேட்டிருக்கிறேன்.

கடிதம் கொடுத்தால் போய்விடுவான் என்கிறீர்கள். சரி, போகட்டும். பிஆர் கிடைத்ததும் போகிறவர் நீங்கள் கட்டி வைத்ததால் மட்டும் நின்றவர். என் கடையில் பிஆர் எடுத்த பிறகும் நிற்கிறவர்கள் இருக்கிறார்கள். போனவர்களும் தைப்பொங்கலுக்கு வந்து பெரிய ஓடர் தருகிறார்கள். ஒரு கடையின் பெயருக்குள் தொழிலாளியை அடைத்து வைக்கிற இந்த மூடிய பெர்மிட் முறையைப் பற்றி, 2023இல் கனடாவுக்கு வந்து பார்த்த ஐ.நா. சிறப்பு அறிக்கையாளர் டொமொயா ஒபொகாட்டா, நவீன அடிமைமுறைக்கு விளைநிலம் என்று சொல்லிவிட்டுப் போனார். அந்தச் சொல் எனக்கே முதலில் கொஞ்சம் கூடிப்போனதாகத்தான் பட்டது. ஆனால் ஆள் போய்விடக் கூடாது என்பதற்காகவே கடிதத்தைப் பூட்டி வைப்பதற்கு நீங்கள் வேறு என்ன பெயர் வைப்பீர்கள்?

சொல்லாமல் கொள்ளாமல், கலியாண சீசனின் நடுவில் விட்டுவிட்டுப் போனான் என்கிறீர்கள். எனக்கும் நடந்திருக்கிறது. கோபம் வந்தது, நல்லாகத் திட்டினேன். திட்டிவிட்டுக் கடிதத்தைக் கொடுத்தேன். அவன் கேட்டது நல்லவன் என்ற பட்டம் இல்லை. இன்ன திகதியிலிருந்து இன்ன திகதி வரை இன்ன வேலை செய்தான் என்ற கணக்கு. போன விதம் பிடிக்கவில்லை என்பதற்காக அவன் நின்ற நாட்களை இல்லையென்று ஆக்க முடியுமா?

இங்கிலீஷ் எழுத வராது என்கிறவர்களிடம் எனக்குக் கோபமில்லை. மேலே சொன்ன பட்டியலைப் பிள்ளைகளிடம் கொடுத்தால் எழுதித் தருவார்கள். வாசித்துப் பார்த்துக் கையெழுத்து வையுங்கள்.

சட்டத்தில் எங்கே இருக்கிறது, காட்டு என்கிறவருக்குத்தான் என்னிடம் நல்ல பதில் இல்லை. ஒன்ராறியோவின் வேலைத்தரச் சட்டம் சம்பளச் சீட்டுக் கொடுக்கச் சொல்கிறது, மேலதிக நேரத்துக்குக் காசு கொடுக்கச் சொல்கிறது. வேலை நின்றால் ரெக்கோர்ட் ஒஃப் எம்ப்ளோய்மென்ற் (வேலைப் பதிவுச் சீட்டு) கொடுக்க வேண்டும் என்பது மத்திய அரசின் சட்டம். அனுபவக் கடிதம் எழுதிக் கொடு என்று எந்தச் சட்டமும் உங்களைக் கட்டாயப்படுத்தவில்லை. கட்டாரில் அந்தச் சட்டம் உண்டு. வேலை முடிந்து போகிறவர் கேட்டால் சேவைச் சான்றிதழை இலவசமாகக் கொடுக்க வேண்டும் என்று அங்கே எழுதி வைத்திருக்கிறார்கள். என் கடைக்கு வருகிறவர்களில் முன்பு டோஹா ஹொட்டேல்களில் நின்றவர்கள் இருக்கிறார்கள். பிளாஸ்ரிக் உறையில் போட்டு, முத்திரை குத்திய கடிதத்தோடு வருகிறார்கள். மனித உரிமைக்கு அவ்வளவு பெயர்போன இடமில்லை கட்டார். அங்கே நின்ற நாட்களுக்கு ஆதாரம் இருக்கிறது. இங்கே, தன் சொந்த மொழி பேசுகிற முதலாளியிடம் நின்ற நாட்களுக்கு இல்லை. இதை எழுதும்போது எனக்கு வெட்கமாக இருக்கிறது.

ஒன்ராறியோ அரசாங்கம் 2026 ஜனவரி 1 முதல், 25 பேரோ அதற்கு மேலோ வைத்திருக்கிற முதலாளிகள் வேலை விளம்பரத்தில் கனடிய அனுபவம் கேட்கக் கூடாது என்று தடுத்திருக்கிறது. வேலைக்குக் கனடிய அனுபவம் கேட்கக் கூடாதாம். பிஆர் என்று வந்தால் அதைத்தான் முதலில் கேட்பார்கள். இந்த முரணைத் தீர்க்க ஒட்டாவாவிடம் போக வேண்டும். அதற்கு வேறொரு நாள் எழுதலாம். உங்கள் கையிலேயே இருப்பதை மட்டும் இன்று கேட்கிறேன்.

உங்களிடம் வேலை செய்கிற, வேலை செய்துவிட்டுப் போன யார் கேட்டாலும், கேட்ட நாளிலிருந்து இரண்டு கிழமைக்குள் முழுமையான அனுபவக் கடிதத்தைக் கொடுங்கள். சண்டை பிடித்துப் போனவருக்கும் கொடுங்கள். வேறு கடைக்குப் போனவருக்கும், உங்கள் கடைக்கு எதிரே கடை போட்டவருக்கும் கொடுங்கள். அதற்குக் காசு வாங்காதீர்கள், சம்பளப் பாக்கியை விட்டுத் தரச் சொல்லிப் பேரம் பேசாதீர்கள். பழைய ஆட்கள் இரண்டு வரிக் கடிதத்தை வைத்துக்கொண்டு திரிகிறார்கள் என்றால் கூப்பிட்டு மாற்றிக் கொடுங்கள்.

அடுத்த சம்பளத்திலிருந்து எல்லா மணித்தியாலத்தையும் பேரோலில் போடுங்கள். கட்டாது என்றால் கடை நேரத்தைக் குறையுங்கள், விலையைக் கூட்டுங்கள். கொத்து ஒரு டொலர் கூடினால் எங்கள் சனம் முணுமுணுக்கும், பிறகு வாங்கும். நான் கூட்டிப் பார்த்துத்தான் சொல்கிறேன்.

செய்த வேலையை எழுதுங்கள், கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். ஹெல்பரை எடுத்துச் சமையல்காரராக்கியிருந்தால் எந்தத் திகதியிலிருந்து ஆக்கினீர்கள் என்று எழுதி, அன்றிலிருந்து அந்தச் சம்பளத்தையும் கொடுங்கள். குடிவரவிலிருந்து கடைக்குப் போன் வந்தால் எடுக்க ஒருவரைச் சொல்லி வையுங்கள். கவுண்டரில் நிற்கிற மாணவப் பிள்ளை "அப்படி ஒருவரும் இங்கே இல்லை" என்று சொல்லிவிட்டு வைத்த போனால் ஒருவரின் விண்ணப்பம் சந்தேகத்துக்குள்ளான கதை எனக்குத் தெரியும்.

கடையை விற்கிறவர்களும் மூடுகிறவர்களும், சாவியைக் கொடுப்பதற்கு முன் எல்லாத் தொழிலாளருக்கும் கடிதம் கொடுத்துவிடுங்கள். வெளிநாட்டுத் தொழிலாளரின் பதிவுகளை ஆறு வருடம் வைத்திருக்க வேண்டும் என்பது ஏற்கனவே உங்களுக்குள்ள கடமை. அந்தப் பெட்டியைக் குப்பையில் போடாதீர்கள்.

வர்த்தக சங்கங்களிடம் கேட்பது மூன்று. ஒன்று, குடிவரவுத் திணைக்களம் கேட்கிற விபரங்கள் அத்தனையும் அடங்கிய மாதிரிக் கடிதம் ஒன்றைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் தயாரித்து உங்கள் உறுப்பினர் எல்லோருக்கும் அனுப்புங்கள். இரண்டு, கடிதம் மறுக்கப்பட்ட தொழிலாளி வந்து சொல்லக்கூடிய ஒருவரை நியமியுங்கள். அவர் முதலாளியோடு கதைத்து வாங்கிக் கொடுக்கட்டும், பெயர் வெளியில் போகத் தேவையில்லை. மூன்று, வருடாந்த விருது இரவில் சிறந்த தொழிலதிபர் என்று ஒருவரை மேடையேற்றுவதற்கு முன், அவரிடம் வேலை செய்தவர்களுக்குக் கடிதமும் சம்பளச் சீட்டும் ஒழுங்காகக் கிடைத்ததா என்று விசாரியுங்கள். கிடைக்கவில்லை என்றால் அந்த வருடம் அவருக்கு விருது வேண்டாம்.

இவற்றை உங்கள் அடுத்த பொதுக்கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் சேர்த்து, எடுத்த முடிவை எழுத்தில் பகிரங்கமாக அறிவிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். மாதிரிக் கடிதத்துக்கு நான் என் கடையில் பாவிப்பதைத் தரத் தயார்.

இப்படிக்கு,
ஸ்காபரோவில் டேக்அவுட் நடத்தும் முன்னாள் குசினித் தொழிலாளி